பிரேக்கில் கோளாறு இல்லை

முப்பத்தொரு அங்குல டயர் போட்டால் எந்த கிரவுன் பினியன் சரியாக வரும் என்று போன மாதம், இப்போது மெக்கானிக் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கையில் ஃபோன் இருந்தது. டயர் அளவு, கியர் பாக்ஸ், இஞ்சின் சுற்று மூன்றையும் அதில் போட்டதும் விடை வந்தது. விடை சரிதான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "வண்டி எங்க ஓடப்போகுது?" "மலையிலதான்" என்றார். அந்தப் பதில் போதாது என்று சொன்னேன். ஏன் போதாது என்று சொல்வதற்குள் அவருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அதை இப்போது எழுதுகிறேன்.

கொடைக்கானலில் இருபத்தெட்டு வருடம் ஜீப் வேலை பார்த்தேன். முதுகு வளைய மறுத்ததால் கடையை விட்டேன். அந்த இருபத்தெட்டு வருடத்தில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை ஒரு போல்ட்டோடோ ஒரு பேரிங்கோடோ முடிந்துபோனவை. வாடிக்கையாளர் திட்டுவார், நான் மாற்றிக் கொடுப்பேன். இந்தத் தவறு அப்படி முடியவில்லை.

மன்னவனூரைத் தாண்டி, தார் ரோட்டிலிருந்து மேலே பிரியும் ஒரு மண்பாதை உண்டு. மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் ஓர் ஊர். அறுபது வீடுகள் இருக்கும். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள். பஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். அந்த ஊருக்கு இருந்த ஒரே வண்டி ஜெபராஜ் என்பவருடைய ஜீப். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப் அது. பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் வைத்தது. அதை வைத்ததும் நான்தான்.

ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அண்ணே, பாதையில கல்லு பூரா அடியில ஆக்சில் ஹவுசிங்ல இடிக்குது. டயரு பெருசாப் போடுங்க. அப்புறம், தார் ரோட்டுல வண்டி நகரவே மாட்டேங்குது. போன மாசம் ஒரு புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இஞ்சின் கெடந்து கத்துது, ரோடு பின்னால போகல. அந்தப் பொண்ணு என் சீட்டைப் புடிச்சுக்கிட்டு, 'வெரசாப் போங்கண்ணே, வெரசாப் போங்கண்ணே'ங்குது. நான் என்ன செய்யிறது?"

நியாயமான குறை. அந்த ஜீப்பில் இருந்தது எட்டுக்கு நாற்பத்து மூன்று பல் செட். ஷாஃப்ட்டோடு சுற்றும் பினியனில் எட்டுப் பல், சக்கரத்தைச் சுற்றவைக்கும் கிரவுனில் நாற்பத்து மூன்று. ஷாஃப்ட் ஐந்து தடவைக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். இழுவை அதிகம், ஓட்டம் கம்மி. பெட்ரோல் இஞ்சினுக்கு அது பொருத்தம். மெதுவாகச் சுற்றும் டீசலுக்கு அதை வைத்தால் தார் ரோட்டில் ஜெபராஜ் சொன்னதுதான் நடக்கும். நான் ஓட்டம் கூடிய பதினொன்றுக்கு நாற்பத்தைந்து செட் ஒன்றைத் தேடிப் பிடித்து, முன்னும் பின்னும் ஒரே கணக்கில் போட்டேன். டயரையும் பெரிதாக்கினேன். டீசலுக்கு இழுவை இருக்கிறது, லோ கியர் இருக்கிறது, ஏற்றத்தைப் பற்றிக் கவலை இல்லை என்று கணக்குப் போட்டேன்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவருடன் அந்தப் பாதைக்கே போனேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வண்டி ஓடும் இடத்துக்கே போய்ப் பார்த்த மெக்கானிக் நான் ஒருவன்தான் என்று எனக்கே ஒரு எண்ணம் இருந்தது. ஜீப் ஏறியது. எங்கும் திணறவில்லை. கல் இடிக்கவில்லை. மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கினோம். வண்டியில் நாங்கள் இருவர் மட்டும்.

பாதி இறக்கத்தில் ஜெபராஜ் சொன்னார்: "எறங்கயில வண்டி புடி இல்லாமக் கொஞ்சம் ஓடுதுண்ணே."

"புது டயரு. பழகிரும்" என்றேன்.

இதற்கு மேல் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஓட்டுகிற ஆள் தன் உடம்பால் உணர்ந்து சொன்னதை, ஒரு நாள் உட்கார்ந்து பார்த்த நான் தள்ளிவிட்டேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி எளிமையானது. பாரம் எந்தப் பக்கம் போகிறது? கொடைக்கானலில் என்னிடம் வந்த ஜீப்புகளில் பெரும்பாலானவை பாரத்தோடு ஏறி, காலியாக இறங்குபவை. ஓட்டல் கட்டும் இடத்துக்கு மணல், சிமெண்டு ஏறும். எஸ்டேட்டுக்கு உரம் ஏறும். ஜெபராஜின் ஜீப் நேர் எதிர். ஊர் மேலே இருக்கிறது, ரோடு கீழே இருக்கிறது. காலியாக ஏறும். பூண்டு மூட்டையும் ஆட்களுமாக நிறைந்து இறங்கும். அந்த இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியது லோ கியரில் சுற்றும் இஞ்சின். நான் போட்ட செட்டும் பெரிய டயரும் சேர்ந்து, அந்தப் பிடியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டன. மிச்சத்தை பிரேக்தான் சுமந்தது. அதுவும் பழைய பிரேக், பெரிய சக்கரத்தைப் பிடிக்கவேண்டிய பிரேக்.

ஐந்து வாரம் ஓடியது. ஒரு சந்தை நாள் காலையில், சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, ஆறு மூட்டைப் பூண்டும் ஒன்பது பேருமாக ஜீப் இறங்கியது. லோவில் முதல் கியர். அதற்குக் கீழே கியர் கிடையாது. மூன்றாவது வளைவில் கருகல் நாற்றம் வந்திருக்கிறது. நான்காவதில் பெடல் கல் மாதிரி நின்றது, ஆனால் வண்டி நிற்கவில்லை. ஐந்தாவது வளைவு கொண்டை ஊசி. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஜெபராஜ் ஐந்தாவது வளைவுக்குப் போகவில்லை. அதற்கு முன்னாலேயே இடதுபுறம் மண் வரப்பு பார்த்து வண்டியைத் திருப்பினார். ஜீப் வரப்பில் ஏறிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

யாரும் சாகவில்லை. சரசு என்ற அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர், பூண்டுத் தோட்டம் வைத்திருப்பவர், முன் சீட்டில் இருந்தார். ஜெபராஜுக்கு விலா எலும்பில் விரிசல். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

மறுநாள் ஒரு லாரியில் ஏற்றி ஜீப்பை என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே ஊர்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். நான் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது மூவரும் சுற்றி நின்றார்கள்.

பிரேக் ஆயில் குறையவில்லை. சிலிண்டர் கசியவில்லை. குழாய் முறியவில்லை. ஆனால் டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங் வெந்து, கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தது. நான்கு சக்கரத்திலும் அப்படித்தான். நீண்ட நேரம் காலை எடுக்காமல் மிதித்தால்தான் லைனிங் அப்படி வேகும். முதல் டிரம்மைப் பார்த்ததும் ஏன் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாவது டிரம்மைக் கழற்றி முடிப்பதற்குள் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"என்ன மெக்கானிக்கண்ணே, பிரேக்குல கோளாறா?" என்று ஒருவர் கேட்டார்.

"பிரேக்ல கோளாறு இல்ல" என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப நாங்க நெனச்சது சரிதான்" என்றார் அவர். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஜெபராஜ் ஒரு காலத்தில் குடித்தவர். காலையிலேயே குடித்தவர். விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. விட்டதும் எல்லாருக்கும் தெரியும், குடித்ததும் எல்லாருக்கும் தெரியும். நான் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போகும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஒன்பது நாளும் நான் வேலை செய்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்குச் சொல்லிக்கொள்ளக் காரணங்கள் இருந்தன. அளவுக்கு மீறி ஏற்றினார்கள். மழை பெய்தது. வேகமான செட் கேட்டது அவர்தான். ஒவ்வொரு காரணமும் உண்மை. ஆனால் பிரேக்கில் கோளாறு இல்லை என்று நான் சொன்னதும் இதே மாதிரி உண்மைதான்.

பத்தாவது நாள் காலை ஜெபராஜ் பஸ்ஸில் வந்தார். சட்டைக்குள் விலாவைச் சுற்றிக் கட்டு. உட்காரச் சொன்னேன். கடையில் கிடந்த ஒரு டயரில் மெதுவாக உட்கார்ந்தார். வண்டி எப்போது முடியும் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் வேறு கேட்டார்.

"அண்ணே, தெரியாம நான் கிளட்சை மிதிச்சிருப்பனோ?"

"ஏன் கேக்குற?"

"இல்ல, பிரேக்ல கோளாறு இல்லன்னு நீங்க சொன்னீங்களாம். அப்ப என் கால்லதான கோளாறு. நான் குடிக்கலண்ணே. அது எனக்குத் தெரியும். பிரேக்கைத்தான் மிதிச்சேன், அதுவும் தெரியும். ஆனா ஊரே ஒண்ணச் சொல்லயில, நம்ம கால் என்ன செஞ்சுச்சுன்னு நமக்கே சந்தேகம் வந்துருது. எம் பொண்டாட்டி ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு நான் போட்டிருந்த சட்டைய எடுத்து மோந்து பாத்தா. நான் பாக்குறேன்னு அவளுக்குத் தெரியாது."

நான் உள்ளே போய் அந்த லைனிங்கை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன்.

"உன் கால் பிரேக்லதான் இருந்துச்சு. கடைசி வரைக்கும் இருந்துச்சு. இல்லன்னா இது இப்படி வேகாது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நான் செட்டைப் பற்றிச் சொன்னேன். எட்டுக்கு நாற்பத்து மூன்று இருந்திருந்தால் இஞ்சின் பிடித்திருக்கும், நான் போட்ட செட் விட்டுவிட்டது, காலியாக இறங்கிப் பார்த்துவிட்டு நான் சரி என்று சொன்னது தப்பு என்று சொன்னேன். பக்கத்துக் கடை வெல்டிங் சத்தம் நிற்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் பேசினார்.

"நான் சொன்னேன்லண்ணே, வண்டி ஓடுதுன்னு."

"சொன்ன."

"இத ஊர்ல வந்து சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். அவர் லைனிங்கைத் தரையில் வைத்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் வெள்ளனே மன்னவனூர் பஸ்ஸைப் பிடித்தேன். தார் ரோட்டில் இறங்கி, அந்தப் பாதையில் நடந்து ஏறினேன். ஜீப் சாய்ந்த இடத்தில் வரப்பு இடிந்து கிடந்தது. அங்கிருந்து ஐந்தாவது வளைவுக்கு முப்பது அடிகூட இல்லை. நின்று பார்த்தேன். இறங்கும் வண்டிக்கு இடப்பக்கம் முழுவதும் பாறை. வரப்பு என்று இருந்தது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான், அதுவும் ஒரு வண்டி நீளத்துக்கு. வெந்துபோன பிரேக்கோடும் ஒன்பது பேர் அலறலோடும் வந்த ஒரு மனிதர், வளைவில் திரும்பிவிடலாம் என்று ஆசைப்படாமல், அந்த ஒரு வண்டி நீளத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். என் தொழிலில் எத்தனையோ நல்ல ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் வளைவுக்குத்தான் போயிருப்பேன் என்று எனக்குத் தோன்றியது.

ஊரின் நுழைவிலேயே கேரட் கழுவும் இடம். பதினைந்து இருபது பேர் வேலையில் இருந்தார்கள். என் கடைக்கு வந்த மூவரில் இருவரும் இருந்தார்கள். சரசு கையில் மாவுக்கட்டோடு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரு கையால் கேரட் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஜெபராஜ் வரவில்லை. அவரை நான் கூப்பிடவும் இல்லை.

பேச எனக்கு வராது. பையிலிருந்து லைனிங்கை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி பிடித்தேன். "பிரேக்ல கோளாறு இல்லன்னு சொன்னேன். அது பாதிதான். கோளாறு நான் மாத்துன கியர்ல. ஜெபராஜ் கடைசி வரைக்கும் பிரேக்கை மிதிச்சிருக்காரு. அதுக்கு இதுதான் சாட்சி. அந்த எடத்துல வரப்புல விடலன்னா, நீங்க யாரும் இங்க நின்னு கேரட் கழுவ மாட்டீங்க" என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

தண்ணீர்க் குழாயை யாரோ நிறுத்தினார்கள். கடைக்கு வந்தவர்களில் ஒருவர் குனிந்து தன் கைகளைக் கழுவத் தொடங்கினார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சரசுதான் பேசினார்.

"இது எப்பத் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

"கழட்டுன அன்னைக்கே."

"அதான் கேக்குறேன். இத்தன நாளா எங்க இருந்தீங்க? அவன் வீட்டை விட்டு வெளிய வரல. அவன் மகனப் பள்ளிக்கூடத்துல, குடிகாரன் மகனேங்குதுக. கையி ஒடிஞ்சது எனக்கு. எனக்குக்கூட நீங்க சொல்லல."

லைனிங்கைப் பைக்குள் வைத்தேன். வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, அவர் எதை நினைத்துக்கொண்டு போகிறார் என்று தெரிந்தும் பேசாமல் இருப்பது நம் தொழிலில் மிகச் சுலபம். அவர்களுக்கு டிரம்முக்குள் பார்க்கத் தெரியாது. அதனால்தான் நம்மிடம் வருகிறார்கள்.

பழைய செட்டை நான் அதற்குள் அடுக்கம் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்து ஜீப்புக்குப் போட்டுவிட்டிருந்தேன். அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. வேறொரு எட்டு நாற்பத்து மூன்று கிடைக்க மூன்று வாரம் ஆனது. பெரிய டயரை எடுத்துவிட்டுப் பழைய அளவையே போட்டேன். கல் இடிக்காமல் இருக்க ஹவுசிங்குக்கு அடியில் தகடு அடித்தேன். தார் ரோட்டில் வண்டி மறுபடி மெதுவாகத்தான் போகும் என்று ஜெபராஜிடம் சொன்னேன். "போகட்டும். ஆஸ்பத்திரிக்கு ரோட்டுல வேற வண்டி மாத்திக்கிறோம்" என்றார். முதல் நாளே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த யோசனை அன்றைக்கே வந்திருக்கும்.

வண்டியை மேலே கொண்டுபோன அன்று சந்தை நாள். ஆறு மூட்டைப் பூண்டை ஏற்றினார்கள். மூட்டையை ஏற்றியவர்கள் யாரும் தாங்கள் ஏறவில்லை. நான் சொன்னதை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. ஜீப்பைச் சுற்றி நின்று, இன்னொருவர் முதலில் ஏறட்டும் என்று பார்த்தார்கள். நான் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்தேன். என் எடை ஒருவரையும் நம்பவைக்கவில்லை. ஜெபராஜ் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரசு வந்து முன் சீட்டில் ஏறினார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எறங்கயில யாரு புடிப்பா? பிரேக்கா, இஞ்சினா?"

"இஞ்சின்."

"அவன் பிரேக்கை மிதிக்கவே வேண்டாமா?"

"வளைவுல லேசா மிதிச்சாப் போதும்."

"ஏலே செபராசு, எடு வண்டிய."

முதல் கியர், லோ. ஜீப் இறங்கத் தொடங்கியதும் இஞ்சின் முனகியது. ஜெபராஜின் வலது கால் பெடலுக்கு மேலேயே நின்றது. மிதிக்கவில்லை, எடுக்கவும் இல்லை. அதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். காலை எடு என்று சொல்ல வாய் வரை வந்தது. முன்பு ஒரு முறை அந்த வண்டியில் உட்கார்ந்து சொன்ன சொல் போதும் என்று பேசாமல் இருந்தேன். சரசுவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது வளைவு முடிந்ததும், "காலக் கீழ வையிப்பா. வண்டி நடந்துதான் போகுது" என்றார்.

ஜெபராஜ் காலை வண்டித் தரையில் வைத்தார். வண்டி நடக்கும் வேகத்திலேயே போனது. மூன்றாவது வளைவு, நான்காவது, இடிந்த வரப்பு. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொண்டை ஊசியில் ஒரு முறை லேசாக மிதித்துத் திருப்பினார்.

தார் ரோட்டில் இஞ்சினை நிறுத்திவிட்டு ஜெபராஜ் இறங்கினார். பின் சக்கரத்தின் உட்பக்கம் கையை விட்டு டிரம்மைத் தொட்டார். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு, "அக்கா, இங்க வாங்க" என்று சரசுவைக் கூப்பிட்டு, அவருடைய நல்ல கையைப் பிடித்து டிரம்மின் மேல் வைத்தார்.

"காப்பித் தம்ளர் சூடுகூட இல்லையே" என்றார் சரசு. உடனே ஃபோனை எடுத்து மேலே யாரிடமோ பேசினார். "எல்லாரையும் கெளம்பி நிக்கச் சொல்லு. வண்டி மேல வருது."

ஜெபராஜ் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. "பஸ் வர்ற நேரந்தாண்ணே" என்று மட்டும் சொன்னார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஏறினார். நான் ரோட்டோரம் நின்று பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அந்த ஜீப் என் கடைக்கு வரவில்லை. பூம்பாறையில் வேறொரு கடையில் விடுவதாகக் கேள்விப்பட்டேன். ஜெபராஜ் செய்தது சரி. அந்தக் கடைக்காரருக்கு ஒரு முறை ஃபோன் செய்து, அந்த வண்டி எந்தப் பக்கம் பாரத்தோடு போகும் என்பதைச் சொன்னேன். அவர், "தெரியும்ணே, ஜெபராஜே முதல்ல அதைத்தான் சொன்னாரு" என்றார்.